நிழலில் நிற்பது தெரிய வேண்டும்

செவ்வாய்க்கிழமை காலை மாரிச்செல்வியின் தம்பி அழைத்தான். "அக்கா போயிட்டா சார்" என்றான். எலிக்காய்ச்சல். தேவிகுளத்துக்குக் கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டதில், ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய ஜீப் நின்ற இடத்திலேயே நாலு மணி நேரம் நின்றிருக்கிறது. லீவில் ஊருக்குப் போனவள் ஜீப்பிலேயே போய்விட்டாள். வயது முப்பத்தொன்று. நாங்கள் போய் முகம் பார்க்கவும் வழியில்லை. ரோடு இன்னும் திறக்கவில்லை என்றான்.

பாலக்காட்டுக் கஞ்சிக்கோட்டில், எங்கள் கம்பெனியில், அவளோடு ஆறு வருஷம் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். புகழ்ந்து பேசினால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவாள் என்பது உங்களுக்குத் தெரியும். புகழ எனக்கும் இப்போது யோக்கியதை இல்லை.

நாங்கள் செய்வது காட்டோரத்துக் கேமராக்கள். ஆட்கள் கொழுந்து பறிக்க இறங்கும் முன் காவலர் திரையைப் பார்த்து, யானை நிற்கிறதா என்று சொல்ல வேண்டும். வெயில் விழுந்த தேயிலைச் சரிவும் மரநிழலும் ஒரே படத்தில் வரும். கேமரா இரண்டையும் வாங்கிக்கொள்ளும். திரைக்கு அந்தச் சக்தி கிடையாது. வெயிலைக் காட்டினால் நிழல் கரியாகிவிடும், நிழலைக் காட்டினால் வெயில் வெளுத்துப்போகும். அவ்வளவு ஒளியையும் அடக்கித் திரைக்குள் கொண்டுவருவது, அதையும் நொடிக்கு முப்பது படம் என்று நிற்காமல் செய்வது செல்வியின் வேலை. அதற்குத்தான் கிராஃபிக்ஸ் சிப். ஒரே வயலில் நூறு பேர் இறங்கி நடவு நடுவதுபோல, அதற்குள் ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்கு ஒரே நேரத்தில் கணக்கு நடக்கும்.

இந்த வேலைக்கு ஏன் வந்தாய் என்று முதல் வாரமே கேட்டேன். அவள் எஸ்டேட் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். "எங்கப்பாவ யான அடிச்சது காலைல பத்து மணிக்குண்ணே. நல்ல வெயிலு. அவரு வெயில்ல நின்னு பாத்தாரு, அது நெழல்ல நின்னுச்சு" என்றாள்.

எங்கள் பெரிய தப்பைக் கண்டுபிடித்ததும் அவள்தான். சோதனைப் படங்களை எல்லாம் கம்பெனி கேட்டருகே, கஞ்சிக்கோட்டு வெயிலில், வேப்பமரத்தடியில் லாரியை நிறுத்தி எடுத்திருந்தோம். அங்கே எல்லாம் ஜோராக வந்தது. செல்வி ஊரிலிருந்து மூடுபனிப் படம் கொண்டுவந்து ஓட்டிக் காட்டினாள். திரை முழுக்க வெள்ளையைப் பார்த்த எங்கள் நிரல், அதை உச்சி வெயில் என்று நம்பி, மொத்தப் படத்தையும் கீழே அமுக்கியது. மரத்தடி கன்னங்கரேல் என்றாகிவிட்டது. "பாலக்காட்டுக்காரங்களுக்கு மஞ்சு தெரியாதுல்ல" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நாலு மாதத்தில் புதிதாக எழுதினாள். முதலில் படத்தைச் சிறிதாகச் சுருக்கும். சுருங்கிய படத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் அக்கம்பக்கத்து வெளிச்சத்தை அளந்து, இடத்துக்கு ஏற்றபடி நிழலைத் தூக்கிவிடும். சிப் திணறவே இல்லை. ஆனால் படம் சோகையாக, சாம்பல் பூத்தாற்போல இருந்தது. கேமரா வாங்க வந்த எஸ்டேட்காரர்களுக்கு நான் பழையதைத்தான் போட்டுக் காட்டினேன். பளிச்சென்று இருந்தது, வாங்கிவிட்டார்கள். "படம் அழகா இருக்க வேணாம்ணே. நெழல்ல நிக்கிறது தெரியணும்" என்றாள். அத்தனை பேர் முன்னால் அவள் குரலை உயர்த்தியது அந்த ஒரு முறைதான்.

பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள். "எங்க லயத்துக் கேமராவுல மட்டுமாச்சும் என்னோடத போடுங்கண்ணே. அம்மா இன்னும் அந்தப் பக்கந்தான் கொழுந்தெடுக்கப் போகுது." கஞ்சிக்கோட்டில் உட்கார்ந்தபடியே மாற்றலாம். என் அனுமதி மட்டும்தான் பாக்கி. "அடுத்த வாரம் மாத்திப்போடலாம் அம்முணி" என்றேன். படம் மங்கிவிட்டதென்று வாங்கியவர்கள் சண்டைக்கு வருவார்களே என்ற பயம் எனக்கு. எட்டு மாதம் அடுத்த வாரம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். லீவுக்குக் கிளம்பிய அன்றும் கேட்டாள். அன்றும் அதையேதான் சொன்னேன்.

அவர்கள் இடுகாடு அந்த லயத்துக் கேமரா பார்க்கும் காட்டோரத்தில்தான் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவளை அடக்கம் செய்யும் நேரத்தில், அந்தக் கேமராவைத் திறந்து பார்த்தேன். நல்ல பனி. மரத்தடியில் ஒரே கறுப்பு. அவளைத் தூக்கி வந்தவர்கள் அதற்குள் நுழைந்ததும் காணாமல் போனார்கள். அவளுடைய நிரலைத் தேடி எடுத்து ஏற்றினேன். நிழல் மெல்ல வெளுத்தது. தம்பி தெரிந்தான். மண்வெட்டி பிடித்த கை தெரிந்தது. கூட்டத்தை விட்டுத் தள்ளி, மரத்தில் சாய்ந்தபடி அவள் அம்மா நின்றிருந்தாள். அதுவரை அங்கே ஒருவர் நிற்பதே எனக்குத் தெரியவில்லை.

இப்போது எல்லாக் கேமராவிலும் செல்வியின் நிரல்தான். படம் மங்கல் என்று ஒருவர் போனில் சத்தம் போட்டார். அப்படித்தான் இருக்கும் என்று வைத்துவிட்டேன்.

எட்டு மாதம் நான் தள்ளிப்போட்டதை அன்று ஏற்றி முடிக்க ஏழு நிமிஷம் ஆனது. அவளிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஏழு நிமிஷம்தான்.