ஹவில்தார் செதுக்கிய மேடு

ஜீப்பை விட்டு நாங்கள் இறங்கியபோது ஹவில்தார் விறைப்பாகச் சல்யூட் அடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், மொட்டை போட்ட தலை வெயிலில் மின்னுவதுபோல, அந்த மேடு. மருந்துக்குக்கூட ஒரு புல் இல்லை. நட்ட மரங்கள் மட்டும் வரிசை பிசகாமல் நிற்க, ஒவ்வொன்றின் காலடியிலும் வெள்ளையடித்த கற்கள். என்னோடு வந்த தாவரவியல் பேராசிரியை மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. ராஜபாளையத்துக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் தோண்டிய குழியிலிருந்து கழிவு மண்ணைக் கொட்டிக் கொட்டி எழுந்த மேடு. பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்று வந்த ஹவில்தார்தான் அதற்குப் பொறுப்பு. வேம்பும் புங்கும் நட்டு, ஆட்களோடு ஆளாகக் குடம் சுமந்து மரமாக்கியிருந்தார். நாங்கள் வந்ததோ அந்த மரங்களைப் பார்க்க அல்ல. யாரும் நடாமல், காற்றில் மிதந்தும் காக்கை எச்சத்தில் விழுந்தும் ஆட்டு ரோமத்தில் ஒட்டியும் வந்து முளைத்தவை எத்தனை வகை என்று பார்க்க. அவை குடியேறியிருந்தால் மண்ணுக்கு உயிர் வந்துவிட்டது, மேடு தப்பிக்கும். இல்லையென்றால் அதைத் தட்டிச் சமமாக்கிக் கல்லுடைக்கும் மெஷின் நிறுத்துவதாகச் சுரங்க நிர்வாகம் சொல்லியிருந்தது. பெரிய அதிகாரி வருகிறார் என்றால் பட்டாள முகாமில் என்ன செய்வார்களோ, அதை மனசாரச் செய்து வைத்திருந்தார் மனிதர்.

“யாரு ஹவில்தார் இப்படிச் செதுக்கினது?”

“நாந்தான் மேடம். நீங்க வாரீகன்னு ஆள் விட்டுச் சுத்தம் பண்ணிட்டேன். ஒரு களை இருக்கான்னு பாருங்க!”

“அந்தக் களையைப் பாக்கத்தான் நாங்க வந்தோம்.”

மீசை மெல்ல இறங்கியது. மண்வெட்டியோடு நின்ற அக்கா ஒருத்தி, “போச்சு! விருந்தாளி வாரதுக்கு முன்னாலயே எலையை எடுத்தாச்சு” என்றாள்.

“செத்த சும்மா இருத்தா” என்று அவளை அடக்கிவிட்டு, அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “வெட்டுனதெல்லாம் அந்தப் பக்கம் குமிஞ்சு கெடக்கு மேடம். கொண்டாந்து பரப்பிரவா?”

மேடத்துக்குக் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. “வேர் மண்ணுக்குள்ளதான இருக்கு, மழை பெய்யட்டும். அதுவரை மண்வெட்டியை உள்ள விடாதீங்க.”

அந்த மழைக்காக அவர் தவித்த தவிப்பை என்ன சொல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் நிலையத்தில் ஒருநாள் என்னைப் பிடித்து நிறுத்தி, மேற்கே மலையைக் காட்டினார். “பாத்தீயளா தம்பி, மேகம் மலையை விட்டு எறங்க மாட்டேங்குது, லீவுல வந்தவன் கணக்கா!” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. கார்த்திகையில் மறுபடி போனோம். இரும்புக் கம்பிச் சட்டத்தைக் கண்ணை மூடி வீசுவேன். விழுந்த சதுரத்துக்குள் என்னென்ன செடி என்று மேடம் பார்த்துச் சொல்வார். பார்க்கத் தைரியமில்லாமல் ஹவில்தார் முதுகைக் காட்டி நின்றார். முதல் சதுரத்தில் வெறும் கோரை. அவர் தோள் இறங்கியது. அடுத்ததில் தும்பை, கொழுஞ்சி, மூக்கிரட்டை. சரிவில் வீசியபோது செருப்படை, கீழாநெல்லி, குப்பைமேனி, விரல் உயரத்தில் ஓர் ஆவாரை. மேடம் சொல்லச் சொல்ல என் பேனா பின்தங்கியது. பெயர் கேட்கக் கேட்க ஹவில்தார் முகம் எங்கள் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தது.

“தும்பையா? அதைத்தான் மேடம் நான் ரொம்ப வெட்டுனேன்!” என்றார், ஏதோ பதக்கம் வாங்கியவர்போல.

“உங்க மேடு பொழைச்சிருச்சு ஹவில்தார். அப்படித்தான் எழுதப் போறேன்.”

“இனிமே நான் என்ன செய்யணும் மேடம்?”

“ஒண்ணும் செய்யாதீங்க.”

அவர் திகைத்துப்போனார். “எம்புட்டு வருசம் சர்வீஸ்! இப்படியொரு ஆர்டரை நான் பாத்ததே இல்லையே!”

ஆனாலும் அந்த உத்தரவை அவர் மீறவில்லை. கை துறுதுறுக்கும்போதெல்லாம் குழியோரத்துப் பாதையைப் போய்ப் பெருக்குவார் என்று கேள்விப்பட்டேன். இப்போது அவர் இல்லை. போன மாதம் அந்த வழியாகப் போனவன் பஸ்ஸை விட்டு இறங்கி மேட்டடிக்கு நடந்தேன். ஏறிப் பார்க்கலாம் என்றால், செடி மண்டிக் கால் வைக்க ஓரிடம் இல்லை. கீழேயே நின்று வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு வந்தேன்.