சித்தப்பா சொன்ன ஜோடி

காலை ஏழு பத்து. ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில், வாழைகளுக்கு நடுவே முறுக்கிய கயிறு ஒன்று இடுப்பு உயரத்துக்கு எழுந்து நின்று ஆடியது. அதற்கு இரண்டு தலைகள் இருந்தன. ஐம்பதுகளின் கடைசி, எனக்கு ஒன்பது வயது. நான் அலறியதில் வீடே கூடிவிட்டது.

அன்று உறையூரில் ஒரு கல்யாணம். சித்தப்பா கட்டிக்கொள்ள வைத்திருந்த புது வேட்டியைத் தூக்கிக்கொண்டு சித்தி ஓடிவந்தாள். பின்னிக்கொண்டிருக்கும் பாம்புகள் மேல் கோடித் துணியைப் போட்டு, அதை எடுத்து வைத்துக்கொண்டால் வீட்டில் பிள்ளை பிறக்கும் என்பது எங்கள் தெருவில் யாரும் சந்தேகிக்காத விஷயம். சித்திக்குக் கல்யாணமாகி ஆறு வருடம். விரதங்களும் அரசமரமும் முடிந்துவிட்டன. இது ஒன்றுதான் பாக்கி. இதற்குப் பாம்புகள் மனது வைக்க வேண்டும்.

“ஒண்ணு நல்ல பாம்பு, ஒண்ணு சாரை! கிட்டப் போகாதீங்க!” என்று பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல் நின்று கத்தினார்.

“ரெண்டும் சாரைதாங்க. நீங்க விழாம இறங்குங்க,” என்றார் சித்தப்பா. திருச்சியில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தார். பாம்பு அவருக்குப் பாடம்.

சித்தி வீசிய வேட்டி குறி தவறவில்லை. பாம்புகள் அதோடு சரிந்தன. சித்தப்பா பாய்ந்து நான்கு முனைகளையும் சேர்த்துப் பிடித்தார்.

“ஏங்க, கிழிச்சிடாதீங்க!”

“பாம்பையா?”

“வேட்டியைச் சொல்றேன்!”

எல்லோரும் கிணற்றடிக்கு ஒதுங்கினார்கள். சித்தப்பா மூட்டையின் வாயை என்னிடம் இறுக்கிப் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஒரு பாம்பை வெளியே எடுத்தார். வயிற்றுப் பக்கம் திருப்பி, கழிவுத் துளையைத் தாண்டி வால் தொடங்கும் இடத்தில் கட்டைவிரலால் அழுத்தினார். துளையின் இரு ஓரத்திலும் சிவப்பாக, முள் முள்ளாக இரண்டு உறுப்புகள் எட்டிப் பார்த்தன.

“ஆண், பாப்பா. வாலுக்குள்ள சட்டைப்பை மாதிரி மடிஞ்சு கிடக்கும். ரெண்டு இருந்தாலும் ஒரு தடவைக்கு ஒண்ணுதான்.”

அதை வாழைக்குள் விட்டுவிட்டு அடுத்ததை எடுத்தார். அழுத்தினார். அதற்கும் இரண்டு. சித்தப்பா அதையும் வாழைக்குள் விட்டுவிட்டார்.

சித்தி வந்து வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “ஏங்க, ஜோடிதானே?”

சித்தப்பா அவள் முகத்தைப் பார்த்தார். “ஜோடிதான். முதல்ல போனது ஆண். அப்புறம் போனது பொண்ணு.”

நான் வாயைத் திறந்தேன். என் கால் மேல் அவர் கால் ஏறியது.

அவர் பழைய வேட்டியில்தான் கல்யாணத்துக்கு வந்தார். உறையூர் போய்ச் சேரும்வரை சித்தி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே இருந்தாள்.

பெண் பாம்புக்கும் இரண்டு உண்டு என்று நான் எடுத்துக்கொண்டேன்; பள்ளியில் நான்கு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். இணைசேரும் சாரைகள் தரையோடு கிடக்கும், நிமிர்ந்து நின்று முறுக்கிக்கொள்பவை மல்லுக்கட்டும் இரண்டு ஆண்கள் என்று தெரிந்துகொள்ளப் பத்து வருடம் ஆயிற்று. மாணவன் படத்தில் ஒரு பெயரைத் தவறாகக் குறித்தால் நோட்டையே தூக்கி எறிகிற மனிதர் அன்று ஏன் அப்படிச் சொன்னார் என்பது புரிய அதற்கு மேலும் ஆயிற்று.

அது வைகாசி. மறு பங்குனியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது.