ஓட்டைச் சதுரத்தில் சூடு

கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் என்றால் அங்கே குச்சிக்கு மருந்து முக்கிப் பெட்டியில் அடைப்பார்கள் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சுதாராணி செய்கிற வேலையைத்தான் விளக்க வேண்டியிருந்தது. காலேஜில் கணக்கு டீச்சர் என்று சொன்னால் ஊர் சமாதானமாகிவிடும். ஆராய்ச்சி என்று வாயைவிட்டால் போச்சு. "கணக்குல இன்னும் கண்டுபிடிக்க என்னம்மா பாக்கி இருக்கு?" என்பார்கள். அதற்குப் பதில் சொல்லி மாளாது.

ஒருமுறை ஒரு பத்திரிகைக்காரர் வந்தார். கரிசல் காட்டு வெடிப்புகளைப் பார்த்துத்தானே உங்களுக்கு ஃப்ராக்டல் கணிதத்தில் ஆசை வந்தது என்று கேட்டார். ஆமாம் என்றால் அவருக்குத் தலைப்பு ரெடி. "வெடிப்பைப் பாத்தா கால் மாட்டிக்கிடுமோன்னு பயம்தான் சார் வரும்" என்றாள். பேட்டி வெளிவரவே இல்லை.

ஆசை வந்தது சென்னையில். பிஎச்.டி. சேர்ந்த புதிதில் அவளுடைய பேராசிரியர் போர்டில் ஒரு சதுரம் போட்டார். அதை ஒன்பது கட்டமாக்கி நடுக்கட்டத்தை அழித்தார். மிச்சமுள்ள எட்டுக் கட்டங்களிலும் அதே வேலை. இப்படியே முடிவில்லாமல் ஓட்டை போட்டுக்கொண்டு போனால் மிஞ்சுவது கோடும் இல்லை, பரப்பும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. அதற்குப் பேர்தான் ஃப்ராக்டல். "இதோட ஒரு மூலையில சூடு வச்சா எதிர் மூலைக்கு எப்போ போய்ச் சேரும்?" என்று கேட்டுவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார். ஓட்டை இல்லாத தகட்டில் சூடு பரவும் கணக்கு எப்போதோ தெரிந்ததுதான். இங்கே சூடு ஒவ்வொரு ஓட்டையையும் சுற்றிக்கொண்டு போக வேண்டும், தாமதமாகும். எவ்வளவு தாமதம்? சுதாராணி அந்தக் கேள்விக்குள் போனவள்தான், திரும்பி வரவில்லை.

பட்டம் வாங்கினாள். ஜெர்மனியில் இரண்டு வருஷம் இருந்தாள். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததும் ஊருக்குத் திரும்பி, பக்கத்திலிருந்த கல்லூரி ஒன்றில் சேர்ந்தாள். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களெல்லாம் ஒவ்வொருவராக ஓய்ந்தார்கள். அப்பா போன பிறகும் அதே வீட்டு மாடியில்தான் இருக்கிறாள். கீழே அண்ணன் செல்லத்துரை குடும்பம், தெருக்கோடியில் அவருடைய தீப்பெட்டி ஆபீஸ். கல்லூரியில் வகுப்பு, விடைத்தாள், கூட்டம் என்று பகல் முழுக்க ஓடிவிடும். விடிவதற்கு முன் கிடைக்கும் ஒன்றரை மணி நேரம்தான் அவளுடையது. அந்த நேரத்தில் எழுதிய கட்டுரைகள்தான் வெளிநாட்டு இதழ்களில் வந்தன. அவற்றைப் படித்தவர்கள் உலகத்தில் இருபது பேர் இருந்தால் அதிகம்.

கடைசிப் பத்து வருஷமாக ஒரே ஒரு கணக்கு. ஓட்டைகள் எவ்வளவு கோணல்மாணலாக இருந்தாலும் சூட்டின் தாமதம் ஒரு எல்லையைத் தாண்டாது என்று அந்தத் துறையில் எல்லோரும் நம்பினார்கள், ஒருவரும் நிரூபிக்கவில்லை. சுதாராணியிடம் பின்பாதி இருந்தது. முன்பாதி பிடிபடவில்லை. அது கிடைக்காமலே கண்ணை மூடிவிடுவோமோ என்ற பயம் ஐம்பது வயதுக்குப் பிறகு அவளுக்கு வர ஆரம்பித்தது.

அந்தக் கார்த்திகையில் ஓர் இதழின் ஆசிரியரிடமிருந்து மெயில் வந்தது. போலந்திலிருந்து இருவர் ஒரு கட்டுரை அனுப்பியிருக்கிறார்கள், படித்துப் பார்த்து வெளியிடலாமா என்று சொல்லுங்கள் என்றது. தலைப்பைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. அவளுடைய கணக்கேதான்.

முன்பாதி அத்தனை அழகாக இருந்தது. பத்து வருஷம் சுவரில் முட்டிக்கொண்டிருந்த இடத்தில் அந்த இருவரும் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போயிருந்தார்கள். பொறாமையில் அவளுக்கு எரிந்தது. அந்த எரிச்சலோடு படித்ததால்தானோ என்னவோ, ஐந்தாவது துணைத்தேற்றத்தில் சட்டென்று நின்றாள். 'இது எளிதில் விளங்கும்' என்று ஒரு வரி. எளிதில் விளங்காது. அதற்குத்தான் அவள் நான்கு வருஷம் செலவழித்திருந்தாள். அவர்களிடம் இல்லாத பின்பாதி அவளிடம் இருந்தது.

மறுநாள் மழைக்காகக் கல்லூரிக்கு லீவு விட்டிருந்தார்கள். சுதாராணி கம்ப்யூட்டரில் நாலு வரி தட்டினாள். ஐந்தாவது துணைத்தேற்றத்தில் ஓட்டை இருக்கிறது, அடைக்க வழி தெரியவில்லை, வெளியிட வேண்டாம். ஓட்டை இருப்பது சத்தியம், வழி தெரியவில்லை என்பது பொய். அனுப்பப் போகும்போது கரண்ட் போனது, நெட்டும் போனது.

மழைக்கு மருந்து காயாது என்பதால் ஆபீஸும் அடைப்புதான். வேலையில்லாத செல்லத்துரை காபி டம்ளரோடு மாடி ஏறி வந்தார். தங்கச்சி முகத்தைப் பார்த்தார்.

"என்னட்டி, பேயறைஞ்ச மாதிரி இருக்க?"

அவள் அவருடைய பாஷையிலேயே சொன்னாள். ரெண்டு பேர் சரக்கு அனுப்பியிருக்காவ, குச்சி பிரமாதம், மருந்து சரியில்ல. சரியான மருந்து என்கிட்ட இருக்கு. ஆனா குச்சி இல்ல.

"இவ்வளவுதானா? சரக்கு சரியில்லன்னு திருப்பி அனுப்பு. குச்சி எப்படின்னுதான் இப்போ பாத்துட்டியே. நீயே போட்டுரு."

தான் மனசுக்குள் நினைத்ததை அண்ணன் வாயால் கேட்டபோது அவளுக்கு உடம்பு கூசியது.

"அது களவுண்ணே."

"அப்போ மருந்து இன்னதுன்னு அவியளுக்குச் சொல்லிரு. உம்பேரைச் சேத்துப் போடுவாவல்லா?"

"அவியளுக்கு எம்பேரே தெரியாதுண்ணே. கட்டுரையைப் பாக்குத ஆளு யாருன்னு சொல்ல மாட்டாவ. பேர் போடாமத்தான் எழுதணும்."

செல்லத்துரை டம்ளரைக் கீழே வைத்தார். "பேர் போடாமலா? மொட்டைக் கடுதாசியா?"

"எங்கள்ல அதான் வழக்கம்."

"நல்ல வழக்கம். இவ்வளவு படிச்சுட்டு மொட்டைக் கடுதாசி எழுதுதீங்களாக்கும்." அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. "நம்ம ஷெட்டு எரிஞ்ச வருஷம் மந்திரமூர்த்தி அண்ணாச்சி நம்ம ஆர்டர் பூராவும் அவிய ஆபீஸ்ல ஓட்டிக் கொடுத்தாவ. போனது நம்ம லேபிள்லதான். ஆனா ஓட்டிக் கொடுத்தது யாருன்னு நமக்குத் தெரியும்லா? தெரிஞ்சதாலதான அவிய வீட்டு விசேஷம்னா முதல் ஆளா போய் நிக்கோம். யாருன்னே தெரியாமக் கொடுத்திருந்தா நான் எங்க போயி நிக்க?"

அவர் இறங்கிப் போன பிறகும் மழை விடவில்லை. நீயே போட்டுரு என்று அண்ணன் சொன்னதை அவளால் செய்ய முடியாது. மொட்டைக் கடுதாசி என்று சொன்னதை ஒதுக்கவும் முடியவில்லை. பேரில்லாமல் எழுதலாம் என்பதால்தானே அந்த நாலு வரிப் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது என்று அவளுக்குத் தோன்றியது. அடியில் சுதாராணி, கோவில்பட்டி என்று போட வேண்டியிருந்தால் கை ஓடியிருக்குமா?

கரண்ட் வந்ததும் நாலு வரியையும் அழித்தாள். அந்த வாரம் முழுக்க உட்கார்ந்து, ஓட்டை எங்கே இருக்கிறது, அதை எப்படி அடைக்க வேண்டும் என்று பின்பாதி முழுவதையும் எழுதினாள். தான் பத்து வருஷமாக இதே கணக்கில் இருப்பதையும் மறைக்கவில்லை. அடியில் பேரும் ஊரும் போட்டாள். வழக்கமில்லைதான், நீங்கள் விரும்பினால் அப்படியே அவர்களுக்கு அனுப்புகிறேன் என்றார் ஆசிரியர். விரும்புகிறேன் என்று பதில் போட்டுவிட்டு, கம்ப்யூட்டரை மூடிவைத்துவிட்டு அழுதாள். பெருந்தன்மையெல்லாம் ஒன்றும் இல்லை. கையிலிருந்ததைக் கொடுத்துவிட்ட துக்கம்தான்.

போலந்துக்காரர்கள் நாணயமானவர்கள். 'எளிதில் விளங்கும்' என்ற அந்த ஒரு வரியை எழுதும்போது எங்களுக்கே உறுத்தியது, யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நினைத்துவிட்டோம் என்று அவளுக்கு நேராகவே எழுதினார்கள். மூன்றாவது பேராக அவளைச் சேர்க்கலாமா என்று இதழிடமும் கேட்டுப் பார்த்தார்கள். மதிப்பிட்டவரைக் கட்டுரையாசிரியராக்க எங்கள் விதியில் இடமில்லை என்று இதழ் சொல்லிவிட்டது. மறுவருஷம் கட்டுரை வந்தது. தலைப்புக்குக் கீழே இரண்டு பேர். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், ஐந்தாவது துணைத்தேற்றத்தின் நிரூபணம் கோவில்பட்டி சுதாராணியுடையது என்று ஒரு வரி.

அடுத்த நாள் வழக்கம்போல விடியுமுன் எழுந்து மேஜைக்கு வந்து வெள்ளைத்தாளை எடுத்தாள். எழுத ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கீழே இறங்கினாள். ஆபீஸ் திறக்கக் கிளம்பிக்கொண்டிருந்த செல்லத்துரை ஆச்சரியமாகப் பார்த்தார். அந்த நேரத்தில் அவளை அவர் கீழே பார்த்ததே இல்லை.

"என்ன, இன்னைக்குக் கணக்கு இல்லையா?"

"முடிஞ்சுட்டுண்ணே."

"யாரு முடிச்சா?"

"நாங்க மூணு பேரு."

அவர் போனில் அந்தக் கட்டுரையைக் காட்டச் சொன்னார். இங்கிலீஷை எழுத்துக்கூட்டி மேலிருந்து கீழே தேடி, கடைசிப் பக்கத்தில் அவள் பேரைக் கண்டுபிடித்தார். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். அந்த ஊர்க்காரர்கள் நம்ம ஊர்ப் பேரைச் சரியாகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டார்.

"இவ்வளவு சின்னதா போட்டிருக்கான். போதுமாட்டி உனக்கு?"

"போதாதுண்ணே" என்றாள் சுதாராணி. "ஆனா கணக்கு சரியா இருக்கு."

செல்லத்துரை ஆபீஸ் சாவியை மறுபடி ஆணியில் மாட்டிவிட்டு, தங்கச்சிக்கும் சேர்த்துக் காபி போட அடுப்பைப் பற்றவைத்தார்.