மூடியில் ஒட்டிய மாவு

காய்ச்சல் விட்டும் அய்யாவால் எழுந்து நடக்க முடியவில்லை. மறுநாளும் உழவுக்குப் போகாவிட்டால் பண்ணையில் ஏரை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். உடம்பு தேற மாட்டுக்கறிச் சாறு வைக்கலாம் என்று ஆத்தா கறி வாங்கி வந்தாள். கிழட்டு மாட்டுக் கறி, லேசில் வேகாது. காலையெல்லாம் எருச் சுமந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள்.

ஆவியை அடைத்தால் சீக்கிரம் வேகும் என்று பள்ளியில் படித்திருந்தேன். கறியோடு முள்ளங்கியும் பரங்கிக்காயும் போட்டு, பானையின் வாயைச் சுற்றிக் கேழ்வரகு மாவைப் பிசைந்து ஒட்டி மூடினேன். மூடிமேல் அம்மிக் குழவியை வைத்தேன்.

பொழுது சாயும்போது திறந்தோம். அய்யா இரண்டு கிண்ணம் குடித்தார்.

"பஞ்சாட்டம் வெந்திருக்குடா. காலையில ஏருக்குப் போயிருவேன்."

ஆத்தா கூழ் காய்ச்ச மாவுப் பானையைத் திறந்தாள். காலி. நான் மூடியைக் காட்டினேன்.

"அடப் படிச்ச மவராசா! அய்யாவுக்குக் காலையில குடிக்க வச்சிருந்த மாவுடா. அதையா பூசுனே?"

அதற்குமேல் திட்ட அவளுக்குத் தெம்பில்லை. காய்ந்த மாவை அகப்பைக் காம்பால் பெயர்த்து மிச்சச் சாற்றில் ஊறப்போட்டாள்.

விடிந்ததும் அய்யா அதைத் தூக்குச் சட்டியில் எடுத்துக்கொண்டு, மெதுவாக, வயலுக்கு நடந்தார்.