பச்சை டாக்டரும் சங்கத்துக் கார்டும்

தாராவியில எங்க மாமா ரத்திக்கடை வச்சிருந்தாரு. பழைய பேப்பரை எடைக்கு வாங்குற கடை. கப்பல்ல வர்றவங்க படிச்சுத் தூக்கிப்போட்ட இங்கிலீஷ் கதை புஸ்தகம் மூட்டையில வரும். அட்டையில ராக்கெட்டு, வேற கிரகத்து ஜந்து. அதுகள மட்டும் மாமா எடைக்குப் போடமாட்டாரு. அதுகளப் படிக்கிறதுக்குன்னே ஒரு சங்கம். மாமா தலைவரு, மெம்பர் நாலு பேரு, ரப்பர் ஸ்டாம்பு குத்துன கார்டு வேற.

ஞாயித்துக்கெழம ஒருத்தர் ஒரு புஸ்தகத்தைப் படிச்சுட்டு வந்து கதை சொல்லணும். மத்தவங்க கேள்வி கேப்பாங்க. முழிச்சா கார்டு போச்சு. புதுசா சேரணும்னாலும் இப்படி ஒரு கதை சொல்லித்தான் கார்டு வாங்கணும்.

எனக்குப் பத்து வயசு. அந்தக் கார்டு மேல உசிரு. ஆனா படிப்பு என்னைய ரெண்டாங்கிளாஸ்லயே விட்டுட்டு ஓடிப்போச்சு. இங்கிலீஷ்ல நான் வாசிக்கிறது மாட்டுங்கா ஸ்டேஷன் போர்டு ஒண்ணுதான். அதுவும் மாட்டுங்கால நின்னாத்தான்.

மாமா குடுத்த புஸ்தகத்துல அட்டையையே ஒரு வாரம் பாத்தேன். ஞாயித்துக்கெழம எந்திரிச்சு நின்னு அடிச்சு விட்டேன்.

"எட்டு கையுள்ள பச்சை மிருகம் டாக்டரு. மயங்கிக் கெடக்கிற ஒரு பொம்பளைக்கு நாடி பாக்குது. தலையில கண்ணாடிச் சட்டி கவுத்தவன் அவ புருஷன். பொண்டாட்டி கையை விடுலேன்னு துப்பாக்கி காட்டுதான்."

டிராம்பேயில ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேனா இருந்த அண்ணாச்சிதான் சங்கத்துக்கு சயின்ஸ் புள்ளி. "ஏல, சட்டிக்குள்ள மூச்சு எப்படி விடுவான்?"

"பின்னால ஓட்டை இருக்கு அண்ணாச்சி. படத்துல தெரியாது, உள்ள எழுதியிருக்கு."

"ஆமா, எழுதியிருக்கு," ன்னு தலையாட்டுனாரு.

அப்பத்தான் இன்னொரு மெம்பரு, டெய்லர் அண்ணாச்சி, அட்டையை உத்துப் பாத்தாரு. "இது நான் தீவாளிக்கு முன்னாடி சொன்ன கதைல்லா? பச்சை மிருகம் ராஜா. அந்தப் பொம்பள அதோட மவ."

எனக்கு டவுசரே கழண்ட மாதிரி ஆயிட்டு. அவருக்கும் நெத்தியில வேர்வை.

"ஒரு புஸ்தகத்துல ரெண்டு கதை எப்படிவே இருக்கும்? ஒருத்தருக்குக் கார்டு கெடையாது," ன்னாரு வாட்ச்மேன்.

அழுகையை அடக்கிக்கிட்டு, "மாமா, நீங்களே வாசிச்சுச் சொல்லிருங்க," ன்னேன்.

மாமா புஸ்தகத்தைத் தொறந்தாரு. மூணு பக்கம் பொரட்டுனாரு. கண்ணாடியைத் தொடைச்சு மாட்டி இன்னும் ரெண்டு பக்கம். கடைசியில மூடி வச்சுட்டுச் சொன்னாரு: "ரெண்டும் சரிதான். மொதல்ல ராஜாவா இருந்திருக்கு. பொறவு டாக்டருக்குப் படிச்சிருக்கு."

யாரும் ஒரு கேள்வி கேக்கல. அங்கயே என் கார்டுல ஸ்டாம்பு குத்துனாங்க.

இவ்வளவு படிச்சவங்கள ஏமாத்திட்டமேன்னு ரொம்ப நாள் எனக்குக் குத்திக்கிட்டே கெடந்துச்சு. என்னைய விட்டா, மருமவன் மானத்தைக் காப்பாத்த மாமா ஒருத்தர்தான் பொய் சொன்னாருன்னு நெனச்சேன். அந்தத் தீர்ப்பைக் கேட்டதும் நாலு மெம்பரும் ஏன் ஒண்ணுபோலப் பெருமூச்சு விட்டாங்கன்னு யோசிக்க அப்ப எனக்குப் புத்தி பத்தல.