கயிறு சுற்றிய சக்கரங்கள்

சுள்ளிக்கல் தெருவில் நாங்கள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதைப் பார்த்தால் சாயாக்கடைச் சேட்டனுக்குச் சிரிப்பு தாங்காது. "வண்டி இருக்க நடந்து போற ஆளுகளை இவிடத்தான் காணணும்!" சிரிக்கட்டும். தார்ச்சாலையில் ஓட்டினால் கயிறு தேய்ந்துபோகும் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

நாங்கள் என்றால் நானும் பக்கத்து வீட்டு நண்பனும். இருவரும் இந்த மலையாள ஊரிலேயே பிறந்த தமிழர்கள். மட்டாஞ்சேரி பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கியதை வைத்து ஆளுக்கொரு மலைச் சைக்கிள் செய்திருந்தோம். யாரோ கழித்துப்போட்ட கறுப்பு சைக்கிளின் சட்டம், மொபெட்டின் அகலமான ஹேண்டில்பார். முரட்டு டயர் கிடைக்கவில்லை. தேங்காய்நார்க் கயிற்றுக்கு இந்த ஊரில் பஞ்சமா? டயரில் காற்றை இறக்கி ஒருவன் சக்கரத்தைப் பிடித்துத் திருப்ப, மற்றவன் கயிற்றை ரிம்மோடு சேர்த்துச் சுற்றுவான். பிறகு காற்றடித்தால் கயிறு கல்லாக இறுகும். சேற்றில் வழுக்கவே வழுக்காது. நாலு சக்கரமும் சுற்றி முடித்த பிறகுதான் பிரேக் கட்டைக்கு இடமில்லை என்று தெரிந்தது. மகா அறிவாளிகள்! செருப்பைத் தரையில் தேய்த்து நிறுத்தினோம். மருந்துக்குக்கூட மலை இல்லாத ஊர். காயலோரச் சேறுதான் எங்களுக்கு மலை.

பிறகு அவன் நர்ஸ் வேலைக்குப் பிரிட்டன் போனான். நான் மிளகு கோடவுனில் சேர்ந்தேன். ஒருநாள் போனில் கத்தினான்.

"எடா, இவிட ஒரு கிழவரைப் பார்த்தேன். கடையில மலைச் சைக்கிளே வராத காலத்துல, பழசை வெட்டி ஒட்டி, மோட்டார் சைக்கிள் ஹேண்டில்பார் வச்சு குன்றுல இறங்குவாராம். நம்மள மாதிரியேடா! லீவுக்கு வரேன். ரெண்டு வண்டியையும் எடுத்துட்டு வாகமண் மலைக்குப் போறோம்."

கோடவுனில் பேச ஆள் உண்டு, சிரிக்க ஆள் உண்டு. சேற்றுக்கு வரத்தான் ஆள் இல்லை. என் தனிமை அவ்வளவுதான், ஆனால் அது பெரிதாக இருந்தது. அவன் சொன்ன அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காலத்தை ஓட்டினேன்.

லீவுக்கு வருகிறான் என்று தெரிந்ததும், என் வண்டியிலும் அவன் என்னிடம் விட்டுப்போன வண்டியிலும் பழைய கயிற்றை அறுத்தெறிந்து புதுக் கயிறு சுற்றினேன். சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கி, கயிற்றின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு. உதடு கிழிந்தது. யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட மனம் வரவில்லை.

காயலோரத்தில் இரண்டு வண்டிகளோடும் காத்திருந்தேன். அவன் காரில் வந்தான், மனைவி பிள்ளைகளோடு.

"அய்யோ, இது இப்பவும் உண்டோ? அடிபொளி!" கயிற்றைத் தடவிப் பார்த்தான். "ஒரு போட்டோ எடுடா, கிழவருக்குக் காட்டணும்."

இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நின்றான். எடுத்துக் கொடுத்தேன்.

"ஒரு ரவுண்டு போலாமா?"

"முட்டு வலிடா. நாளைக்குக் காலைல வாகமண் வேற போகணும், ரிசார்ட் சொல்லியிருக்கு. கார்ல இடமில்லை, இல்லேன்னா நீயும்..."

பரவாயில்லை என்றேன். அது பொய். கோபம் வந்தது.

ஒரு கைக்கு ஒரு வண்டியாகத் தள்ளிக்கொண்டு திரும்பினேன். கயிற்றில் ஒரு பொட்டுச் சேறில்லை. சேட்டன் இந்த முறை சிரிக்கவில்லை.

"மற்ற ஆள் வந்நில்லே?"

"வந்தான் சேட்டா."

வீட்டுக்கு வந்ததும் அவன் வண்டியின் கயிற்றை அவிழ்த்தேன். சுற்றத்தான் இரண்டு ஆள் வேண்டும். அவிழ்க்க ஒருவன் போதும்.