மசாலாத் தட்டு

திண்டிவனத்தில் ஒயரிங் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர், ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்னை அடுப்படிக்குள் விடமாட்டார். அன்றைக்கு சிக்கன் பொரிப்பது அவர்தான்.

மசாலா தடவி ஊறவைத்த தட்டிலேயே பொரித்த துண்டையும் போட்டு, மிஞ்சின மசாலாவில் ஒரு புரட்டு புரட்டி, "இது உனக்குத்தான்" என்று ஊட்டுவார். அவர் தின்பது வாணலியிலிருந்து நேராக.

போன சித்திரையில் அப்படிச் சாப்பிட்ட மறுநாள் எனக்கு ஓயாத வாந்தி, பேதி. எழுந்து நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். எனக்கு மட்டும் ஏன் என்று டாக்டரம்மா துருவிக் கேட்க, வீட்டுக்காரர் தட்டுக் கதையைச் சொன்னார்.

"பச்சைக் கறி இருந்த தட்டுல திரும்பப் போட்டா, பொரிச்சும் பிரயோஜனம் இல்லைங்க. அந்த மசாலாவுலயே கிருமி இருக்கும்" என்றார் டாக்டரம்மா.

வீட்டுக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாசமா ஊட்டிக்கினே உன்னைப் படுக்க வச்சிட்டேனே" என்றார்.

இப்போது பொரித்ததற்குத் தனித் தட்டு. பச்சைக் கறி தொட்ட கையை சோப்பு போட்டுக் கழுவாமல் உப்பு டப்பாவைக்கூடத் தொடமாட்டார். மிஞ்சின மசாலாவை வாணலியில் தண்ணீர் விட்டு நன்றாகக் கொதிக்கவைத்து, சுண்டியதும் சோறு போட்டுப் பிரட்டுவார்.

முதல் உருண்டை இன்னமும் எனக்குத்தான்.